பெட் ஸ்கேனில் கணு ஒளிர்ந்தாலே மூன்றாம் நிலை ஆகிவிடாது

அப்பாவுக்குப் பல வருட ஆஸ்துமா, வலது நுரையீரலில் 2.4 செ.மீ. புற்றுக்கட்டி, பெட் ஸ்கேனில் நடுமார்பில் அதே பக்கம் ஒரு நிணநீர்க்கணு ஒளிர்கிறது, "மூன்றாம் நிலையாக இருக்கலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த "இருக்கலாம்"தான் முக்கியம்.

பெட் ஸ்கேன் புற்றுநோயை நேராகப் பார்ப்பதில்லை. குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். காசநோய், சார்காய்டோசிஸ் (புற்றல்லாத ஓர் அழற்சி நோய்), சமீபத்திய நெஞ்சுத் தொற்று எல்லாமே கணுவை ஒளிரவைக்கும். அதனால் ஈபஸ் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள குழாயை வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டு, சுவரைத் தாண்டி ஊசியால் கணுவிலிருந்து செல் எடுப்பார்கள். ஆஸ்துமா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாய் சுருங்காமலிருக்க இன்ஹேலர் கொடுத்துத் தயார் செய்வார்கள்.

வேறெங்கும் பரவாமல், கணுவும் சுத்தம் என்று உறுதியானால் இது 1ஏ3, அதாவது முதல் நிலை. அந்த ஒரு கணுப்பகுதியில் மட்டும் புற்று இருந்தால், நிலைகளை வகுக்கும் டிஎன்எம் விதிகளின் எட்டாம் பதிப்பில் 3ஏ (மூன்றாம் நிலை), 2025 முதல் நடப்பிலுள்ள ஒன்பதாம் பதிப்பில் 2பி (இரண்டாம் நிலை). நோய் ஒன்றேதான், எண் மட்டும் மாறுகிறது! ரிப்போர்ட் எந்தப் பதிப்பின்படி என்று பாருங்கள்.

ஆஸ்துமா இருப்பது புற்றின் நிலையை மாற்றாது. ஆனால் அறுவை சிகிச்சை தாங்குமா என்பதில் குறுக்கே வரும். அப்பா இழுப்போடு இருக்கும் நாளில் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை) எடுத்தால் நுரையீரல் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். முதலில் இழுப்பைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள், அப்புறம் ஊதட்டும்.