கால்விரலுக்கும் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. நிற்கும்போது தடுமாறுகிறார். கால்விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். அதனால் பலன் இருக்குமா?

இருக்கும். என் அப்பா விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் காலில் தளைநார் என்கிற நார்வளையத்தை மாட்டிப் பனையேறியவர். அவர் 71 வயதில், முற்றத்துக் கொடியில் கிடந்த சாரத்தை (லுங்கியை) எட்டி எடுக்கப் போய்க் குப்புற விழுந்தார். தரையில் ஈரம்கூட இல்லை. "வெரலு பிடிக்கல்ல மக்களே" என்று அன்றைக்கே சொன்னார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முறிவு இல்லை, வயசாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். பாதத்தை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு மாதம் கழித்து மார்த்தாண்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட், பெருவிரலுக்கு அடியில் விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து "அமுக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு இழுத்தார். வலதுகாலில் கொஞ்சம் எதிர்த்தது. இடதுகாலில் உருவிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, 10 கிராம் விசையில் வளைகிற நைலான் இழையால் விரலடியில் தொட்டார். இடதுபக்கம் தொட்டதே அப்பாவுக்குத் தெரியவில்லை. பதினான்கு வருஷச் சுகர்.

பிசியோதெரபிஸ்ட் விளக்கியது இதுதான். சும்மா நிற்கும்போது கணுக்காலும் கெண்டைக்கால் தசையும்தான் பெரும்பாலும் தாங்குகின்றன. முன்னால் சாயும்போது, எட்டும்போது, பாரம் பாதத்தின் முன்பக்கம் போகிறது. அப்போது விரல்கள் தரையை அமுக்கினால்தான் உடம்பு திரும்பி வரும். பெருவிரலை மடக்கும் நீண்ட தசை கெண்டைக்காலில் தொடங்குகிறது. குட்டித் தசைகள் உள்ளங்காலிலேயே இருக்கின்றன. வயதானால் இரண்டும் மெலியும்.

நாற்காலியில் உட்கார்ந்து தரையில் விரித்த துவர்த்தை (துண்டை) விரல்களால் சுருட்டுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று அப்பா நாலு மாதம் செய்தார். இப்போது கார்டு அவ்வளவு லேசில் வராது. மரத்துப்போனது மட்டும் மரத்துப்போனதுதான்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. கண், உள்காது, முட்டி, சாப்பிடும் மாத்திரை எல்லாமே தடுமாற்றத்துக்குக் காரணமாகலாம் என்பது எனக்கும் தெரியும். விரல் ஒன்றே போதும் என்று நான் சொன்னதாகத் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

நடக்கச் சொன்னார்கள், சரி. எங்கே நடப்பது? கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் விடிவதற்கு முன்பே வரிசை கட்டுகின்றன. ரோட்டோரம் முழுக்கக் குழி. விரலில் பிடி உள்ளவனே அங்கே நிற்க முடியாது. மலையும் போகிறது, ரோடும் போகிறது, கேட்க ஆளில்லை. அப்பா திண்ணையிலேயே நடக்கிறார்.

அம்மாவுக்குச் சுகர் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் உள்ளங்காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துவர்த்து அப்புறம்.