பொது அறிவை எனக்குக் கற்றுக்கொடுத்தது பின் சீட்டு

கேள்வி: வரலாறு, அறிவியல், பண்பாடு என்று எல்லாவற்றிலும் பொது அறிவை வளர்த்துக்கொள்ள ஆசை. ஆனால் எதைப் படித்தாலும் ஒரு மாதத்தில் மறந்துபோகிறது. எங்கிருந்து தொடங்குவது? என்ன புத்தகம் வாங்கலாம்?

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கோட்டை விட்டவன் நான். பதினோரு வருடமாகக் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் பிழைப்பு.

தேர்வுக்குப் படித்த காலத்தில் எனக்கும் உங்கள் வியாதிதான். நீளமான ஆறு எது, உயரமான சிகரம் எது என்று கைடு புத்தகத்தை உருப்போடுவேன். தேர்வு முடிந்து நான் பஸ் ஏறும்போதே அதில் பாதி இறங்கிப் போயிருக்கும். இன்றைக்கு என் மண்டையில் மிச்சமிருப்பதெல்லாம் பின் சீட்டிலிருந்து வந்த கேள்விகள். அதிலும் பதில் தெரியாமல் நான் அசடு வழிந்தவை மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

முதல் அசடு ஆத்தங்குடியில், பூ வேலைத் தரைக்கல்லுக்குப் பேர்போன ஊர். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "தம்பி, இந்தத் தரைக்கல்லை எங்க சுடுறாங்க?" என்றார். யோசிக்கவே இல்லை. "பின்னாடி சூளை இருக்கு சார்" என்றேன். அதோடு விட்டேனா? "ஐநூறு வருஷப் பாரம்பரியம் சார்" என்று ஒன்றைக் கூடச் சேர்த்துவிட்டேன். பட்டறைக்குள் போனதும் அவர் முதல் வேலையாக அங்கிருந்த அண்ணனிடம் சூளையைக் காட்டச் சொன்னார். அந்த அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூளையா? இது தண்ணியில வேகுற கல்லுய்யா."

அதற்கு முன் நூறு தடவையாவது அந்தப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பேன். அன்றுதான் உள்ளே நின்று பார்த்தேன். ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கலர் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். நாம் கால் வைக்கும் பக்கம் அப்போது கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. இறுகியதும் சில நாள் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சிமெண்டு காய்ந்து இறுகுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காய்வதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து புதுப் பொருளாக மாறுகிறது. தண்ணீர் சீக்கிரம் வற்றிவிட்டால் வினையும் பாதியில் நின்று கல் பொடிந்துபோகும். புது வீட்டுக் கான்கிரீட்டுக்குச் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான்.

திரும்பி வரும்போது வாத்தியார் கேட்டார். "சிமெண்டு எப்ப வந்துச்சு தம்பி?" நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகிய பிறகு பார்த்தால் அந்நாட்டுப் போர்ட்லண்ட் தீவுக் கல்லைப் போல இருந்ததால் அந்தப் பெயர். சொல்லி முடித்து, "அப்ப உங்க ஐநூறு வருஷம்?" என்றார். காதுவரை சிவந்துவிட்டது எனக்கு.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் அந்த நிமிடத்தில்தான் கிடைத்தது. சிமெண்டு எப்போது வந்தது என்ற ஓர் அறிவியல் விவரம், பண்பாடு பற்றி நான் அளந்த பொய்யைப் பிடித்துக்கொடுத்தது. வரலாறு தனி நோட்டு, அறிவியல் தனி நோட்டு என்று படித்தால் இது நடக்காது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதித்துப் பார்த்தால் இரண்டும் மறக்காது.

அன்றிலிருந்து வண்டி டேஷ்போர்டில் ஒரு குயர் நோட்டு. யாராவது கேட்டு எனக்குத் தெரியாவிட்டால், "தெரியலை சார், ராத்திரிக்குள்ள பார்த்துச் சொல்றேன்" என்று எழுதிக்கொள்வேன். டிரைவர் தெரியாது என்று சொன்னால் யாரும் டிப்ஸைக் குறைப்பதில்லை.

அந்த நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் தேக்குப் பக்கம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் நின்று, ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத தூணைக் காட்டி, "பர்மாத் தேக்கு. ஆத்துல மிதக்கவிட்டு, கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தாங்க" என்றேன். கூட வந்தவர்களில் ஒருவர் வனத்துறையில் வேலை பார்த்தவர். "பச்சைத் தேக்கு மிதக்காதே" என்றார். எனக்குத் திக்கென்றது. ஆற்றில் வந்ததும் உண்மை, பச்சை மரம் முங்கிப்போகும் என்பதும் உண்மை.

இரண்டையும் சேர்த்துவைப்பது ஒரு பழைய உத்தி. மரத்தை உடனே வெட்டமாட்டார்கள். அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் சுற்றி வளையமாகக் கொத்திவிடுவார்கள். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது நின்றுபோகும். மரம் நின்ற வாக்கிலேயே செத்து, இரண்டு மூன்று வருடம் காய்ந்து, எடை குறைந்த பிறகுதான் கோடாலி. யானை இழுத்து ஓடையில் போடும், மழைக்கால வெள்ளம் ஆற்றில் சேர்க்கும், அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரைக்கும் மிதக்கவிடுவார்கள். அந்தக் காடுகளை எப்படி வெட்டலாம், எவ்வளவு விட்டுவைக்கலாம் என்று கணக்குப் போட 1856-ல் ஆங்கிலேயர் அமர்த்திய ஆள் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர். அவரே பின்னால் 1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரி ஆனார். ஒரு தூணில் தொடங்கி இவ்வளவு தூரம் போய்விட்டேன் பாருங்கள்.

தூண் வந்த வழி தெரிந்தது, பணம் வந்த வழி? அதைச் சொன்னது பள்ளத்தூர் ஆச்சி ஒருவர். மாதம் ஒரு முறை மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துப் போவேன். "எங்க ஐயா நிலம் வாங்கவா பர்மாவுக்குப் போனாக? வட்டிக்குக் குடுக்கப் போனாக. நிலம் தானா வந்து தலையில விழுந்துச்சு" என்றார். புள்ளிவிவரத்தைப் பிறகு தேடிப் பார்த்தபோது ஆச்சி சொன்ன ஒரு வரியில் எல்லாம் அடங்கியிருந்தது.

1852-ல் பர்மாவோடு நடந்த போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கிறது, ஐரோப்பாவுக்கு வழி சுருங்குகிறது, பர்மா அரிசிக்கு விலை ஏறுகிறது. காட்டைத் திருத்தி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டும். கடன் கொடுக்க நம்மூர் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கப்பலேறினார்கள். 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. உலகமே மந்தத்தில் சிக்க, நெல் விலை அதலபாதாளத்துக்குப் போனது. கட்ட முடியாத கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-ல் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். இருந்தாலும் சொல்கிறேன். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. மார்ச் 1942-ல் ஊரே விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியில் நடந்து வந்தார்கள். ஆச்சியின் ஐயாவும் அதில் ஒருவர். "செருப்பு இல்லாம வந்து சேந்தாக" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனிமேல் யாராவது "ஆயிரம் வருஷத்துச் செட்டிநாட்டு வீடு" என்றால் நீங்களே கேட்கலாம். கோயில்கள் பழையவை, சந்தேகமே இல்லை. ஆனால் பர்மாத் தேக்கும் சீமை இரும்பு உத்தரமும் இருக்கிற வீடு எப்போது கட்டியதாக இருக்கும்? பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்குள் வந்தவை.

அந்த வீட்டுச் சுவரைப் பற்றி ஒரே வார்த்தை. பூச்சில் என்ன சேர்த்தார்கள் என்றால் எல்லோரும் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி என்றுதான் பேசுவார்கள். பாவம், சுண்ணாம்பை யாரும் கண்டுகொள்வதில்லை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். தண்ணீர் ஊற்றி நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். ஒரே வீட்டில் தரை தண்ணீரைக் குடித்து இறுகியது, சுவர் காற்றைக் குடித்து இறுகியது.

அடுத்தது அடுப்படி. மெஸ்ஸில் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே ஒரு சென்னைப் பெண் கேட்டாள், "அண்ணா, இந்தக் காரம் சங்க காலத்துலேருந்தேவா?" சிமெண்டு விஷயத்தில் பட்ட அடியால் உஷாராகிவிட்டேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற நாடுகளுக்கு அது தெரியவே தெரியும். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து, பின்னால் போர்த்துக்கீசியர் வழியாக நமக்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கும் அந்தப் பெயரையே கொடுத்து மிளகாய் ஆக்கிவிட்டோம். பெயருக்குள்ளேயே வரலாறு உட்கார்ந்திருக்கிறது. நாற்பது வருடம் தின்றும் எனக்குத் தெரியவில்லை.

கண்ணீர் ஏன் வருகிறது என்பதும் அவள் கேள்வி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், உடம்பில் சூட்டை உணரும் நரம்பு முனையைத் தட்டிவிடுகிறது. வாய்க்குள் ஒன்றும் வேகவில்லை, ஆனால் மூளைக்கு "வேகுது" என்று சேதி போகிறது. அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது, ஆர்டம் பட்டபூட்டியனோடு சேர்த்து. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதைவிடத் தயிர் மேல்.

செட்டிநாட்டு மசாலா டப்பாவே ஒரு பாடத்திட்டம். கல்பாசி செடியே இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. அன்னாசிப்பூவுக்கும் அன்னாசிப் பழத்துக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. தெற்குச் சீனா, வியட்நாம் பக்கத்து மரத்தில் காய்ப்பது. ஃப்ளூ காய்ச்சலுக்கான ஒசெல்டாமிவிர் மருந்துக்கு மூலப்பொருள் இதிலிருந்து எடுக்கிறார்கள். அதற்காக ஜுரம் வந்தால் அன்னாசிப்பூக் கஷாயம் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். மூலப்பொருள் வேறு, மருந்து வேறு. கருப்புக் கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவப்பாகும். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே செய்து காட்டுங்கள். கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி செய்யும் வேலை அது. பள்ளிக்கூட லிட்மஸ் தாளுக்கு அக்கா முறை.

எங்கள் ஊரில் மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் இருப்பது தெரிந்திருக்கும். எங்கள் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறந்தார்கள். தேர்வில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். கைடு வாங்காதீர்கள். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியம், 10 தொகுதி, 1954-ல் தொடங்கி 1968-ல் முடிந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அறிவியல் பகுதிகள் பழசாகிவிட்டன, ஆனால் தமிழில் ஒரு விஷயத்தை எப்படி நேராக விளக்குவது என்பதற்கு இன்றும் அதுதான். சென்னைக்குப் போனால் ரோஜா முத்தையா நூலகத்தைப் பாருங்கள். பக்கத்துக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி, 1994-ல் சென்னையில் நூலகமாக்கியது.

தேர்வுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் விஷயம் வேறு. குரூப் 4-ல் 200 கேள்வியில் பொது அறிவு 75-தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சமச்சீர்ப் புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள். நான் படிக்கவில்லை. அதனால்தான் நாளைக் காலை ஐந்து மணிக்குத் தேவகோட்டைச் சவாரி இருக்கிறது எனக்கு.