அந்த மஞ்சள் கயிற்றை முதலில் பாருங்கள்

கேள்வி:

மேடம், எனக்கு 39 வயது. கொருக்குப்பேட்டையில் சொந்த வீடு. கீழே நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். மாடி அறையில் அப்பாவும் அம்மாவும். நான் சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. பின்னி மில்லில் வேலை செய்தவர். மில் மூடிய பிறகு மணலியில் வாட்ச்மேனாக இருந்து என்னைப் படிக்க வைத்தார். அந்தக் காலத்தில் யூனியன், கேட் மீட்டிங், மனு என்று அலைந்தவர். இப்போது ஆளே மாறிவிட்டார். ரவுடிக்குக் கோர்ட் எதற்கு, சுட்டுத் தள்ள வேண்டியதுதானே என்கிறார். கஞ்சா விற்பவனை நடுரோட்டில் தூக்கில் போட வேண்டுமாம். கச்சத்தீவுக்கு ஒரு போர்க்கப்பல் அனுப்பினால் ஒரே நாளில் முடிந்துவிடுமாம். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டையை நிறுத்தியதே தப்பாம். திருட்டெல்லாம் வடக்கிலிருந்து வந்த பையன்கள் வேலைதானாம். நான் மனித உரிமை பற்றிய கட்டுரைகளை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். படிப்பதே இல்லை. கீழே வந்து கத்த வேண்டாம் என்று மாடிக்குத் தனியாக ஒரு டிவி வாங்கிக் கொடுத்தேன். போன வருஷம் ஆடி வெள்ளியன்று திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனதிலிருந்து இது இன்னும் அதிகம். (ஸ்டேஷன், கோர்ட் என்று யார் அலைவது, போனது போகட்டும், வேறு வாங்கித் தருகிறேன் என்று நான்தான் புகார் கொடுக்கவிடவில்லை. அம்மாவும் மஞ்சள் கயிறே போதும் என்று சொல்லிவிட்டார்.) இப்போது என் மகள் பள்ளியில் ‘திருடனைச் சுடணும்’ என்று பேசி, டீச்சர் கூப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. இந்தப் பிற்போக்கான பேச்சிலிருந்து குழந்தையைக் காப்பாற்ற வேளச்சேரி பக்கம் தனிக்குடித்தனம் போய்விடலாம் என்று மனைவி சொல்கிறாள். போகலாமா? அப்பாவை எப்படி மாற்றுவது?

— பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அப்பாவின் அரசியலுக்கு மூன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அம்மாவின் தாலி போனதற்கு ஒரு அடைப்புக்குறி.

‘அப்பா டிவி பார்த்துக் கெட்டுப்போய்விட்டார்’ என்ற கடிதம் எனக்குப் புதிதல்ல, மாதம் தவறாமல் வருகிறது. வழக்கமாக அதில் டிவிதான் குற்றவாளி. உங்கள் கடிதத்தில் அந்த டிவியை வாங்கி மாடியில் வைத்ததே நீங்கள்தான். ஒரு கேள்வி கேட்கிறேன். வேறு சங்கிலி வாங்கித் தருகிறேன் என்று ஆடி மாதம் சொன்னீர்களே, வாங்கினீர்களா? இல்லை. மஞ்சள் கயிறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிவிக்குப் பணம் இருந்தது. கீழே சத்தம் வராமல் இருக்க ஒரு பொருள் தேவைப்பட்டபோது அதே வாரம் வாங்கிவிட்டீர்கள். அம்மா கழுத்துக்குத் தேவைப்பட்டபோது ‘அம்மாவே போதும் என்று சொல்லிவிட்டார்’. எந்த அம்மா தம்பி மகனிடம் போதாது என்று சொல்வார்?

தங்கம் இன்று விற்கும் விலை எனக்கும் தெரியும். அதற்காக நான் உங்களைத் திட்டவில்லை. அந்த மாடி அறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் உங்கள் அப்பாவின் கண்ணில் படுவது அந்தக் கயிறு. அம்மா சோறு போடக் குனியும்போது அந்தக் கயிறு. அவர் தன் சம்பளத்தில் கட்டிய தாலி அது. மில் மூடி, கையில் காசில்லாத நாளில்கூட அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும், ஆனால் போகவிட்டிருக்க மாட்டார். அதை நட்டநடு ரோட்டில் ஒருவன் அறுத்துக்கொண்டு போகிறான். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறார். வாசலில் மகன் நின்று ‘போனது போகட்டும்’ என்கிறான். திரும்பி மாடி ஏறுகிறார். அன்றைக்கு அவர் எப்படி ஏறியிருப்பார் என்று உங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லையா?

நீங்கள் தடுத்தது யாரை என்றாவது தெரியுமா? பெரம்பூர் பின்னி மில் தொழிலாளியை. 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்த மில் ஆட்களை வைத்துத்தான். நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1921இல் மாதக்கணக்கில் வேலை இல்லாமல், துப்பாக்கிச் சூட்டில் ஆட்களைப் பறிகொடுத்து நின்றார்கள். உங்கள் அப்பா அதற்கு வெகுகாலம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர்தான், ஆனால் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். அநியாயம் நடந்தால் காகிதம் எடு, எழுது, நாலு பேரிடம் கையெழுத்து வாங்கு, கொண்டுபோய்க் கொடு, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு. 1996இல் மில்லை மூடினார்கள். அதோடு அந்த நம்பிக்கையில் பாதி போயிருக்கும். மிச்சம் இருந்ததோடு போன ஆடியில் செருப்பு மாட்டினார். ‘அதெல்லாம் வேலைக்கு ஆகாது’ என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தச் சேனலும் இல்லை, நீங்கள். சட்டத்தால் பயனில்லை என்று நீங்கள் சொன்னதைத்தான் அவர் இப்போது ‘சுட்டுத் தள்ளு’ என்று சொல்கிறார். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போகத் தேவையில்லை என்பதில் அப்பாவும் மகனும் ஒரே கட்சி. அவருக்கு மனித உரிமைக் கட்டுரை அனுப்ப உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? அதுவும் ஒரே வீட்டில், பன்னிரண்டு படி ஏறிப் போய்ப் பேசாமல், வாட்ஸ்அப்பில்!

அவர் சொல்வதில் எனக்குச் சம்மதமானதும் உண்டு, சம்மதமில்லாததும் உண்டு. கஞ்சாவும் மாத்திரையும் விற்பவன்மேல் எனக்கும் இரக்கம் கிடையாது. வடசென்னையில் நான் பார்த்த எத்தனையோ தாய்மார்களின் கண்ணீர் அதில் இருக்கிறது. கடுமையான தண்டனை கேட்பதைப் பிற்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் பிற்போக்கு? ஒரு பெண் ஆடி வெள்ளியன்று வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கழுத்தில் காயமில்லாமல் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கிறார். அதைக் கேட்க ஒரு குடும்பத் தலைவருக்கு உரிமை உண்டு. வேளச்சேரிக்குக் குடிபோக நினைப்பவர்களைவிட, இந்தத் தெருவிலேயே கிடப்பவர்களுக்கு அந்த உரிமை அதிகம்.

சுட்டுத் தள்ளுவதில் மட்டும் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். பத்தே நாளுக்குள், 14ஆம் தேதி, பிடிபட்டவர்களில் ஒருவர் மாதவரம் பக்கம் போலீஸ் சுட்டுச் செத்தார். பலர் சரியான வேலை என்றார்கள். செத்தவரிடம் இனி யார் என்ன கேட்க முடியும்? யார் அனுப்பினார்கள், யார் பணம் கொடுத்தார்கள், அந்த வாயிலிருந்து இனி ஒரு சொல் வராது. என்கவுன்டரில் யார் செத்தாலும் வழக்குப் பதிய வேண்டும், சம்பந்தப்பட்ட போலீசாரை விட்டு வேறு போலீஸ் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது சும்மா இல்லை. இதை அப்பாவிடம் சட்டமாகச் சொல்லாதீர்கள், அவருக்கு ஏறாது. ‘அம்மா சங்கிலியை அறுத்தவனைச் சுட்டுவிட்டால், அதை எந்தக் கடையில் விற்றான் என்று யாரைக் கேட்பது அப்பா?’ என்று கேளுங்கள். அவர் யோசிக்கிற மனிதர்தான்.

வடக்கிலிருந்து வந்த பையன்கள் விஷயம் அநியாயம். அதை நான் மழுப்ப மாட்டேன். உங்கள் அம்மா பார்த்தது ஹெல்மெட் போட்ட இரண்டு பேரை என்று கடிதத்தில் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாது. பேச்சுக் கேட்கவில்லை. புகார் இல்லை, அதனால் விசாரணையும் இல்லை. அந்த இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் யாருடைய முகத்தையாவது வைத்துப் பார்க்காமல் அவரால் தூங்க முடியவில்லை. மூட்டை தூக்கவும் சென்ட்ரிங் அடிக்கவும் வந்த யாரோ ஒரு பையன் அதற்கு அகப்பட்டிருக்கிறான். உங்கள் அப்பா இதைச் சொல்லும்போது நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. பேத்தி முன்னால் சொன்னால் அப்போதே, அங்கேயே, மரியாதையோடு மறுக்க வேண்டும். பெரியவர் என்பதற்காகப் பொய்க்குத் தலையாட்டுவது மகன் செய்யும் கடமை இல்லை.

கச்சத்தீவு, பாகிஸ்தான் எல்லாம் பேசிவிட்டுப் போகட்டும். 285 ஏக்கர் தீவுக்கு இந்த வயதில் அவர் கப்பல் ஓட்டப்போவதில்லை. 1974இல் ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு இருபது வயது இருக்கும். அப்போது இங்கே என்ன பேசிக்கொண்டார்கள், சட்டசபைத் தீர்மானத்தை எப்படிக் கேள்விப்பட்டார், 1976இல் மீன்பிடி உரிமையும் போனபோது என்ன நினைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. அக்கரையில் வலை அறுபட்டு நிற்பவனும் தமிழன்தான், நம் இழுவைப் படகுகள்மேல் அவனுக்கும் கோபம் உண்டு என்பதையும் பேச்சுவாக்கில் சொல்லலாம். அவரோடு காசிமேட்டுக்குப் போய் ஒரு படகுக்காரரிடம் கேட்டால் நீங்கள் இருவருமே கற்றுக்கொள்வீர்கள். போருக்கு ஒரு கப்பல் போதுமா என்பது அங்கே வேறு மாதிரித் தெரியும்.

அப்புறம், தனிக்குடித்தனம். உங்கள் மனைவி சொல்வதில் தப்பில்லை. பள்ளியிலிருந்து கூப்பிட்டால் எந்தத் தாயும் பயப்படுவாள். ஆனால் குழந்தை ‘சுடணும்’ என்றது தாத்தாவின் பேச்சால் மட்டும் என்று நான் நம்பவில்லை. பாட்டியின் சங்கிலி போனதும் அந்தக் குழந்தைக்குத் தெரியும். அதற்காக வீட்டில் யாரும் எதுவும் செய்யவில்லை என்பதும் தெரியும். கோபப்படுகிற ஒரே ஆள் தாத்தா. குழந்தை அவர் பக்கம்தான் போகும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வயதான அப்பா அம்மாவை, அவர்கள் பேச்சு பிடிக்கவில்லை என்பதற்காக விட்டுப் போவது தவறு. வேலை தூரம், இடம் போதவில்லை என்றால் போங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்று வேலைக்குப் போகும் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லிப் போகாதீர்கள். வாட்ச்மேன் வேலை பார்த்து உங்களைப் படிக்க வைத்த மனிதர் ராத்திரி முழுக்க விழித்திருந்தது, அடுத்தவன் பொருள் களவு போகாமல் இருக்க. அவர் வீட்டுப் பொருள் போனபோது கேட்க ஆள் இல்லை.

என் அப்பாவின் சைக்கிள் ஒருமுறை ராயபுரத்தில் காணாமல் போனது. ஸ்டேஷனில் சிரித்தார்கள். அப்பா விடவில்லை, என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைதோறும் போவார். சைக்கிள் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரையும் வெட்ட வேண்டும், குத்த வேண்டும் என்று யாரும் பேசியதில்லை.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஒரு நாள் லீவு போடுங்கள். தாமதமாகக் கொடுக்கும் புகார் என்பதற்காக வாங்காமல் இருக்க முடியாது. ஏன் தாமதம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், ‘மகன் வேண்டாம் என்றான்’ என்பது உட்பட. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) இப்படிப் பறித்துக்கொண்டு ஓடுவதற்கென்றே 304ஆம் பிரிவு வந்துவிட்டது, மூன்று வருடம் வரை தண்டனை. காயப்படுத்திப் பறித்தது வழிப்பறி என்று ஆனால் இன்னும் கூடும். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கேளுங்கள். இந்த மாதிரிக் குற்றத்தில் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் துணை ஆணையருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட் இருக்கிறார். எங்கேயோ ஒரு கும்பல் பிடிபட்டு நகை மீட்கப்பட்டால், புகார் கொடுத்தவர் நகையைத்தான் கோர்ட் மூலம் திருப்பித் தருவார்கள். புகாரே இல்லாதவர் அது என்னுடையது என்று எதைக் காட்டுவார்?

சங்கிலி கிடைக்கும் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள். கிடைக்காமல் போகலாம். வாங்கிய ரசீது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அம்மா அந்தச் சங்கிலியோடு இருக்கும் கல்யாண போட்டோ ஏதாவது போதும். புகாரை நீங்கள் லேப்டாப்பில் அடிக்காதீர்கள். அப்பாவை எழுதச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா கையெழுத்துப் போடும் முன் ஸ்டேஷனில் எழுதியதை அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்ப்பார், நேரமாகும். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.