முன்பணத்தைக் கட்டினால்தான் குடும்பத்தை விடுவேன் என்கிறார் சூளை முதலாளி

கேள்வி: நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருளர் பழங்குடிக் குடும்பம். மேஸ்திரி கொடுத்த 60,000 ரூபாய் முன்பணத்துக்காக என் அண்ணன், அண்ணியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றுக்குக் கல் அறுக்கப் போனார். அம்மா இறந்ததற்கு அண்ணனை மட்டும் அனுப்பினார்கள். பணத்தைக் கட்டினால்தான் மற்றவர்களை விடுவோம் என்கிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. தாயைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் இப்படியொரு கேள்வியை எழுத வேண்டிய நிலை உங்களுக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. ஆனால் அந்த 60,000 ரூபாய் சட்டத்தின் கண்ணில் கடனே அல்ல. முன்பணம் கொடுத்து, அதைக் காரணம் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமலோ, வேறு வேலைக்குச் செல்லவிடாமலோ, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தோ வேலை வாங்கினால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. அந்தக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையும் அதே சட்டம் அழித்துவிடுகிறது. அதை வசூலிப்பதே குற்றம்.

'கையெழுத்துப் போட்டுத்தானே பணம் வாங்கினீர்கள்' என்று கேட்பார்கள். சூளைகளில் கணக்கு நோட்டு முதலாளியிடம்தான் இருக்கும். வாராவாரம் செலவுக்குக் கொடுக்கும் காசும் முன்பணத்தோடு ஏறிக்கொண்டே போகும். எத்தனை ஆயிரம் கல் அறுத்தோம் என்பதை அறுத்தவர் அந்த நோட்டில் பார்த்ததே இருக்காது. இதை அறிந்துதான், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடை செய்த கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது.

இன்றே திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கும், சூளை அமைந்துள்ள பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நகலை விழுப்புரம் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். சூளை இருக்குமிடம், முன்பணம் வாங்கிய நாள், மேஸ்திரியின் பெயர், பிள்ளைகளின் வயது ஆகியவற்றை அதில் குறிப்பிடுங்கள். மனு கொடுத்த செய்தியைச் சூளைக்குத் தெரியவிடாதீர்கள். இரவோடு இரவாகக் குடும்பத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடும் ஆபத்து உண்டு. அண்ணன் தனியாகத் திரும்பிப் போக வேண்டாம். அதிகாரிகளோடு மட்டும் போகட்டும். விசாரணையின்போது முதலாளியோ மேஸ்திரியோ பக்கத்தில் இல்லாமல் அண்ணியைத் தனியே கேட்கும்படி வலியுறுத்துங்கள். பிள்ளைகளுக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழையுங்கள்.

இனி நான் சொல்வதை மறந்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் 'கணக்குத் தீர்ந்தது' என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். அப்படி வந்தால் குடும்பம் வெளியே வரும், உரிமை உள்ளேயே நின்றுவிடும். அண்ணன், அண்ணி ஒவ்வொருவர் பெயரிலும் விடுதலைச் சான்று, அதாவது கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதிகாரிகள் தரும் சான்று, கேளுங்கள். பிள்ளைகளையும் வேலை வாங்கியிருந்தால் அவர்களுக்கும் கேளுங்கள். உடனடி உதவியாக ஆளுக்கு 30,000 ரூபாய் வரை பெற அந்தச் சான்றே அடிப்படை. இதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம் ரூபாய் எனக் கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டம் வகுத்துள்ளது.

ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஆள் சேர்த்துச் சுரண்டியிருந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி ஆள்கடத்தல் வழக்கும் மேஸ்திரி மீது வரும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது. முதலாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். பழங்குடியினருக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைத்து, மனு எழுதுவதிலிருந்தே உதவி கேளுங்கள்.