ஓட்டம் பெயரா, வினையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ‘ஒன்றின் பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல், செயலைக் குறிப்பது வினைச்சொல்’ என்று தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் வீட்டுப்பாடத்தில் ஓட்டம், விளையாட்டு, சிரிப்பு ஆகிய மூன்றையும் வினைச்சொற்களின் கட்டத்தில் எழுதினாள்; தவறு என்று திருத்தி வந்திருக்கிறது. “ஓட்டம் செயல்தானே அம்மா?” என்று கேட்கிறாள். வினை காலம் காட்டும் என்று நான் சொல்லப்போக, அப்படியானால் ‘நேற்று’ என்பதும் வினைதான் என்கிறாள். இந்த வயதில் இதை எப்படிப் புரியவைப்பது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் தனக்குச் சொல்லித்தரப்பட்ட விதியை வழுவாமல் பின்பற்றியிருக்கிறாள். குறை விதியில்தான் இருக்கிறது. ஓட்டம் என்பது சந்தேகமில்லாமல் ஒரு செயல். ஆனால் அச்சொல் அந்தச் செயலுக்கு இட்ட பெயர். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல்லை ஆறு வகையாகப் பிரிக்கும்போது கடைசியாக வருகிற தொழிற்பெயர் இதுதான். செயலைக் குறிப்பதெல்லாம் வினை என்று முதலில் கற்பித்துவிட்டு, பிறகு தொழிற்பெயர் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தினால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்?

பொருளை வைத்துச் சொல்லை வகைப்படுத்தும் முறை மரம், பூனை, ஓடினாள் போன்ற எளிய சொற்களோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் உதவக்கூடியது சொல்லின் நடத்தை. வினை என்பது வேற்றுமை உருபை (ஐ, கு, இல் போன்று பெயரின் பின்னால் ஒட்டுவதை) ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்பதே தொல்காப்பிய வினையியலின் முதல் நூற்பா தரும் இலக்கணம். செயல் என்ற பேச்சே அதில் இல்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு ‘வேற்றுமை உருபு’ என்ற கலைச்சொல் தேவையில்லை. “ஓட்டத்தை என்று சொல்லலாமா?” என்று கேளுங்கள், சொல்லலாம் என்பாள். “ஓடினாளை என்று சொல்லலாமா?” என்று கேளுங்கள்; சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புதான் அவளுடைய இலக்கண அறிவு. பள்ளிக்குப் போவதற்கு முன்பே அது அவளிடம் வந்துவிட்டது. அதை அவளுக்கே எடுத்துக் காட்டுவது மட்டும்தான் நம் வேலை.

இதை ஓர் ஆய்வின் துணையோடும் சொல்ல முடியும். உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1957-இல், ஆங்கிலம் பேசும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம், இரு கைகள் ஒரு பாத்திரத்திலுள்ள ஏதோ ஒன்றைப் பிசைவதுபோன்ற படத்தைக் காட்டி, இல்லாத ஒரு சொல்லைப் பொருட்பெயரின் வடிவத்திலும் வினையின் வடிவத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். வினை வடிவத்தில் கேட்ட குழந்தைகள் பெரும்பாலும் பிசையும் செயலையும், பொருட்பெயர் வடிவத்தில் கேட்டவர்கள் பாத்திரத்தையும் குறிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். சொல்லின் பொருள் தெரியாதபோதும் அதன் வகையை அவர்கள் உணர்ந்துகொண்டார்கள்.

தமிழில் இதை வீட்டிலேயே விளையாடலாம். ‘தொமி’ என்று பொருளில்லாத ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “அந்தத் தொமியை இங்கே கொண்டு வா” என்றால், தொமி கையில் எடுக்கக்கூடிய ஏதோ ஒன்று என்று குழந்தை உடனே தேடத் தொடங்கும். “அக்கா நேற்று நன்றாகத் தொமித்தாள்” என்றால், அக்கா ஏதோ செய்திருக்கிறாள் என்று புரிந்துகொள்ளும். அப்படியானால் நாளை என்ன செய்வாள் என்று கேளுங்கள். ‘தொமிப்பாள்’ என்று குழந்தையே சொல்லும். யாரும் கற்றுத்தராத சொல்லின் எதிர்கால வடிவம் அதற்கு எங்கிருந்து கிடைத்தது என்று நீங்களே வியப்பீர்கள். வகுப்பில் பத்து நிமிடம் இப்படி விளையாடினால், ஒரு வாரம் ஒப்பித்ததைவிட அதிகம் மனத்தில் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

‘நேற்று’ பற்றிய அவளுடைய வாதம் கூர்மையானது. அதைக் கட்டாயம் பாராட்டுங்கள். நேற்று ஒரு காலத்தின் பெயர். ‘நேற்றிலிருந்து’ என்று அது உருபை ஏற்கிறது, தான் மாறுவதில்லை. நேற்று ஓடினாள், இப்போது ஓடுகிறாள், நாளை ஓடுவாள் என்று காலத்துக்கேற்ப உருமாறுவதுதான் வினை. ‘காலம் காட்டும்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘காலத்துக்கேற்ப மாறும்’ என்று சொல்லுங்கள். இந்தச் சிக்கல் எழாது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். ஆடு, படி, திரி, கல், மலர் போன்ற சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு, பெயரா வினையா என்று கேட்கும் பயிற்சிகளை நான் ஏற்பதில்லை. அவற்றுக்குச் சரியான விடை கிடையாது. வாக்கியத்துக்குள் வந்த பிறகே ஆடு புல் மேய்வதா, மேடையில் ஏறி ஆடச் சொல்வதா என்பது தெரியும். அங்கும் குழந்தையின் காது தவறுவதில்லை: ஆட்டைக் கட்டுகிறோம், அவள் ஆடினாள், படியைக் கழுவுகிறோம், அவன் படித்தான். ஒரே வடிவம் இரண்டு வழிகளில் பிரிந்து செல்வதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வீட்டுப்பாடத்தில் இத்தகைய சொல் தனியாக வந்தால், இரண்டு வாக்கியங்களையும் எழுதி இரண்டு விடைகளையும் தரச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ‘பாடியவளை’ என்பது காலத்தையும் காட்டுகிறது, உருபையும் ஏற்கிறது. அதற்கு வினையாலணையும் பெயர் என்று இலக்கணம் தனி இடம் கொடுத்திருக்கிறது. இல்லை, உண்டு போன்ற சொற்கள் ஓடினாள், ஓடுவாள் போல மாறுவதில்லை. ‘இவன் என் தம்பி’ என்ற வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. உங்கள் மகள் இவற்றைத் தானாகக் கண்டுபிடித்துக் கேட்டால், இவை வேறு வகை என்றும் மேல்வகுப்பில் வரும் என்றும் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். அவளாகக் கேட்காதவரை இப்போது எடுக்க வேண்டாம். ஓட்டம், விளையாட்டு, சிரிப்பு மூன்றுக்கும் பின்னால் ‘ஐ’ சேர்த்துப் பார்க்கச் சொல்லி, அவளே அவற்றைப் பெயர்ச்சொல் கட்டத்துக்கு மாற்றி எழுதட்டும்.