டோபமினையே ஏத்திட்டா என்ன?

சார் வணக்கம். அப்பாவுக்கு பார்க்கின்சன், சின்டோபா போட்டுக்கிட்டிருக்கார். மூளையில டோபமின் கொறஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்னார், அப்போ டோபமினையே ஊசியா போட்டா என்ன? இன்னொரு டவுட்டு, முட்டை சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டா கை நடுக்கம் கொறையலங்கறார் அப்பா, அம்மா அதெல்லாம் சாக்குங்கறாங்க.
– வாசகர், கும்பகோணம்

வணக்கங்க. அப்பா சொல்றதுதான் சரி.

டோபமின் ஊசி இருக்கு, ஐசியூல பிபி இறங்கிப்போனவங்களுக்கு டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, பிபி ஏறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆனா அது மூளைக்குள்ள போகாது. மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒரு செல்லும் பக்கத்து செல்லும் இடுக்கே இல்லாம ஒட்டிக்கிட்டிருக்கும், மத்த உறுப்புல கசியற மாதிரி இங்க கசியாது. கோல்ட்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் நீலச்சாயத்த மிருகங்களோட ரத்தத்துல ஏத்திப் பாத்தார், உடம்பெல்லாம் நீலம், மூளை மட்டும் வெளுப்பா நின்னுச்சு. 1913ல அதே சாயத்த மூளையச் சுத்தியிருக்கற தண்ணிக்குள்ளயே விட்டார், இப்ப மூளை நீலமாச்சு, உடம்புக்கு ஒட்டல.

சரி, சின்டோபா எப்படிப் போகுது? அதுல இருக்கற லெவோடோபா ஒரு அமினோ அமிலம். மூளைக்கும் அமினோ அமிலம் வேணும்ல, அத ஏத்திட்டுப் போகறதுக்குன்னே அந்தச் சுவர்ல புரதங்கள் இருக்கு, டவுன் பஸ் மாதிரி, சீட்டு கம்மி. முட்டை சாப்பிட்டதும் லியூசின், ஃபினைல்அலனின்னு ஒரு கூட்டமே அதுல ஏறிடும், லெவோடோபா ஸ்டாப்புலயே நிக்கும், குடல்லயும் இதே தள்ளுமுள்ளுதான். அதான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி போடச் சொல்றது. அதுக்காக முட்டைய நிறுத்திடாதீங்க, வயசானவர் இளைச்சுடுவார், ராத்திரிக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சின்டோபால கூட இருக்கற கார்பிடோபாங்கற மருந்து மூளைக்குள்ள போகாது, அதுதான் அதோட அருமையே, வெளியில லெவோடோபா டோபமினா மாறி வீணாப் போகாமப் பாத்துக்கும், குமட்டலும் கொறையும்.

உள்ள போனத வெளிய தள்ளற பம்ப்பும் அந்தச் சுவர்ல உண்டு. பேதிக்குப் போடற லோபெரமைடு ஓபியம் குடும்பம்தான், சொன்ன அளவுல போட்டா போதை ஏறாததுக்கு முக்கியக் காரணம் இந்த பம்ப்.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன், அப்பாவுக்கு வாந்தின்னு எந்த கிளினிக் போனாலும் பார்க்கின்சன் இருக்குன்னு மொதல்ல சொல்லிடுங்க. வாந்திக்குன்னு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டுட்டா அது மூளைக்குள்ள போய் டோபமின் வேலையத் தடுக்கும், நடுக்கமும் விறைப்பும் கூடும். டோம்பெரிடோன்னு இன்னொரு வாந்தி மருந்து மூளைக்குள்ள அவ்வளவா போகாது, பொதுவா அதத்தான் எழுதுவாங்க, ஹார்ட் பிரச்சனை இருந்தா அதையும் சொல்லிட்டு வாங்கிக்கோங்க.