சி எல்லாம் டி ஆகிவிட்டது, நான் ஃபெயிலா?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் (மனுஷங்களுக்கு வரும் ஸ்வைன் ஃப்ளூ இல்லை, பன்றிகளுக்கு வருவது) பற்றி வந்த கேள்விகளில் சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன். அதன் டிஎன்ஏவில் சைட்டோசின் (சி) என்ற எழுத்தில் மெத்தில் எனும் சின்ன வேதிக் குறி ஒட்டியிருக்கிறதா என்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் விஷயம். பெரம்பூரில் நேற்று முழுக்க கரண்ட் கண்ணாமூச்சி ஆடியதால் பதில் ஒரு நாள் தாமதம்.

மாதவரத்திலிருந்து ஒரு மாணவி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸின் டிஎன்ஏவை பைசல்ஃபைட் போட்டு சீக்வென்ஸ் பண்ணினேன். சி வரவேண்டிய இடமெல்லாம் சிவப்பு முகடுதான் (தைமின், டி), நீலம் (சி) ஒன்றுகூட இல்லை. கைடிடம் எப்படிக் காட்டுவது?

தைரியமாகக் காட்டும்மா. மெத்தில் ஒட்டாத சைட்டோசினை பைசல்ஃபைட் யுராசிலாக்கிவிடும், பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) முடிந்ததும் அது தைமினாக, அதாவது உன் சிவப்பாக வரும். மெத்தில் ஒட்டியது மட்டும் நீலமாகவே நிற்கும். வெரோ எனும் குரங்கு செல்களில் வளர்த்த இதே வைரஸை ஆய்வாளர் வால்டர் டோர்ஃப்லர் குழுவினர் பார்த்து 2018இல் எழுதியதும் இதைத்தான்: மெத்தில் இல்லை.

ஆனால் கைடு கேட்கப்போகும் கேள்வி வேறு. அதே குழாயில் இருக்கும் செல்லின் சொந்த டிஎன்ஏவில், மெத்தில் உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ஜீனையும் பார்த்தாயா? அங்கே நீலம் நின்றால்தான் வைரஸில் 'இல்லை' என்பதற்கு மதிப்பு. எனக்கு ஒரு தடவை நேர்மாறாக நடந்தது. பழைய பைசல்ஃபைட் கரைசல், பாதிதான் வேலை செய்திருக்கிறது, ஆங்காங்கே நீலமாக நின்றதைப் பார்த்து மெத்தில் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். சிக்குப் பக்கத்தில் ஜி இல்லாத இடங்களிலும் நீலம் நிற்கிறதே என்று ஜூனியர் பையன் ஒருவன் கேட்ட பிறகுதான் உறைத்தது: விலங்கு செல்களில் மெத்தில் பெரும்பாலும் ஜிக்கு முன்னால் இருக்கும் சியில்தான் ஒட்டும்.

ராயபுரம் வாசகர்: டிஎன்ஏ வைரஸ்தானே, பன்றி செல் ஏன் அதற்கு மெத்தில் ஒட்டுவதில்லை?

மெத்தில் ஒட்டும் என்சைம்கள் இருப்பது நியூக்ளியஸில், இந்த வைரஸ் பெருகுவதோ பெரும்பாலும் வெளியே, சைட்டோபிளாசத்தில். காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இதற்குத் தூரத்து உறவான தவளை வைரஸ் 3 அப்படியில்லை, மெத்தில் என்சைமைத் தானே உருவாக்கிக்கொள்கிறது, அதன் சைட்டோசினில் 20 சதவீதத்துக்கு மேல் மெத்தில். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் என்ற வேறொரு நோயின் வைரஸில் தேடாதீர்கள், அது ஆர்என்ஏ வைரஸ்.

வியாசர்பாடி மாணவர்: பிசிஆரில் பெருக்கிய டிஎன்ஏ நிறைய இருக்கிறது, அதை நானோபோரில் (டிஎன்ஏவை மெத்திலோடு நேராக வாசிக்கும் கருவி) ஓட்டலாமா?

கூடாது. பிசிஆர் எழுத்தை மட்டும்தான் நகலெடுக்கும், மெத்திலை எடுக்காது. வைரஸிலிருந்து நேராகப் பிரித்ததைப் போடுங்கள். பன்றி டிஎன்ஏ கலந்திருந்தால் அதன் மெத்திலை வைரஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அவரே: காசு கம்மி, வேறு வழி?

ஹெச்பா டூ, எம்எஸ்பி ஒன் இரண்டுமே டிஎன்ஏவில் சிசிஜிஜி என்ற இடத்தை வெட்டும் என்சைம்கள். உள்ளே இருக்கும் சியில் மெத்தில் இருந்தால் முதலாவது வெட்டாது, இரண்டாவது வெட்டிவிடும். இரண்டாலும் வெட்டியதை ஜெல்லில் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள், பட்டைகள் ஒரே மாதிரி விழுந்தால் அந்த இடங்களில் மெத்தில் இல்லை. மற்ற இடங்களைப் பற்றி இது வாய் திறக்காது.

ஓட்டேரி அம்மா ஒருவர்: பன்றிக்கறி சாப்பிடலாமா தம்பி?

தாராளமா சாப்பிடுங்கம்மா, இது மனுஷங்களுக்கு வராது. பன்றி வளர்க்கிறவங்க யாராவது மிச்சக்கறி கேட்டா மட்டும் கொடுக்காதீங்க, கறியில் இந்த வைரஸ் ரொம்ப நாள் உயிரோட கிடக்கும்.